அருகிலிருந்தும் அறியாத மனிதர்

அச்சேறாமல் போன ஒரு நற்சான்றின் வரலாறு



கலீஃபா உமர் (ரலி) அவர்களைப் பற்றி அறிவிக்கப்படும் ஒரு நிகழ்ச்சி நம்மில் பலருக்கும் தெரிந்திருக்கும். வழக்கொன்றில் சாட்சி சொல்ல ஒருவர் வந்து நின்றார். அவரை உமர் (ரலி) அவர்களுக்குத் தெரியாது. ஆகவே, அவரை அறிந்த ஒருவரை அழைத்து வரும்படி கூறினார்கள். அங்கிருந்த ஒருவர் முன்வந்து, இவரை நான் அறிவேன், இவர் நேர்மையாளர் என்றார். உமர் (ரலி) அவர்கள் அத்துடன் விட்டுவிடவில்லை. மூன்று கேள்விகள் கேட்டார்கள். இவருடைய இரவும் பகலும் தெரியும்படி இவருக்கு நீர் அண்டை வீட்டுக்காரரா? பணம் காசில் இவருடன் கொடுக்கல் வாங்கல் செய்திருக்கின்றீரா? இவருடன் பயணம் போயிருக்கின்றீரா? மூன்றுக்கும் ‘இல்லை’ என்பதே பதிலாக வந்தது. அப்படியானால் நீர் இவரை அறிந்தவர் அல்லர்; பள்ளிவாசலில் இவர் தொழுவதைத்தான் கண்டிருப்பீர் என்று சொல்லி, அந்த நற்சான்றை ஏற்க மறுத்துவிட்டார்கள்.

நம் வீடுகளில் பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடும்போது என்ன செய்கின்றோம் என்று சற்றே எண்ணிப் பாருங்கள். பையனின் ஊருக்குச் சென்று பள்ளிவாசல் இமாமிடமோ ஜமாஅத் பெரியவரிடமோ விசாரிக்கின்றோம். “நல்ல பையன், தொழுகையாளி” என்று அவர் சொல்லும் ஒரு சொல்லை நம்பி, பெற்று வளர்த்த மகளைக் கைப்பிடித்துக் கொடுத்து விடுகின்றோம். சொல்பவருக்கு அது ஒரு நொடிப் பேச்சு. நம்பியவருக்கோ அது ஓர் ஆயுள்! நற்சான்று என்பது எத்துணைப் பெரிய அமானிதம்!

ஒரு நாட்டின் ஆட்சித் தலைமைக்குப் போட்டியிடும் மனிதருக்கு, கோடிக்கணக்கானோர் நம்பும் ஒரு சமயப் போதகர், “இவரை எனக்கு நேரில் தெரியும், நல்லவர்” என்று நற்சான்று அளித்தால் என்னவாகும்? அமெரிக்காவில் அப்படி ஒன்று நிகழ்ந்தது. அதை எழுதியவரே பின்னாளில் அதைக் குறித்துத் தலைகுனிந்தார். அந்த வரலாற்றைத்தான் இங்கே உங்கள் முன் வைக்கின்றேன்.

பண்ணையில் பிறந்த பிரசங்கியார்

அந்தப் போதகரின் பெயர் பில்லி கிரஹாம். 1918ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் சார்லட் நகருக்கு அருகே ஒரு பால்பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர். 1949இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பெரிய கூடாரம் அமைத்து அவர் நடத்திய நற்செய்திக் கூட்டம், மூன்று வாரங்களுக்கென்று தொடங்கி எட்டு வாரங்கள் நீடித்தது. அன்று முதல் அவர் பெயர் உலகெங்கும் பரவியது. 1956இல் இந்தியாவுக்கும் வந்தார். சென்னையிலும் பாளையங்கோட்டையிலும் அவர் பேசிய கூட்டங்களை நினைவில் வைத்திருந்த பெரியவர்கள் தென் மாவட்டங்களில் உண்டு. 2018 பிப்ரவரி 21இல், தமது 99ஆம் வயதில் காலமானார்.

வேறு சமயத்தவரின் கதை நமக்கெதற்கு என்று நீங்கள் கேட்கலாம். மிம்பருக்கும் அரசமாளிகைக்கும் இடையே உள்ள தூரம் எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவான சோதனையாகும். தவிரவும், தாம் தவறிய இடங்களை மறைக்காமல் ஒப்புக்கொண்ட மனிதரின் வாழ்க்கை, எவருடையதாயினும், படிப்பினை உடையதே.

முதல் பாடம் அவருக்கு இளமையிலேயே கிடைத்தது. 1950 ஜூலை 14 அன்று அதிபர் ட்ரூமனைச் சந்திக்கும் வாய்ப்பு அவருக்கும் மூன்று தோழர்களுக்கும் வாய்த்தது. வெளியே வந்ததும் பத்திரிகையாளர்கள் சூழ்ந்துகொண்டனர். அதிபர் தனிமையில் பேசியவற்றையெல்லாம் இளைஞர் கிரஹாம் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார்! போதாக்குறைக்கு, புகைப்படக்காரர்கள் கேட்டார்கள் என்பதற்காக வெள்ளை மாளிகைப் புல்வெளியில் நால்வரும் மண்டியிட்டுப் பிரார்த்தனை செய்வதுபோல் படமும் எடுத்துக்கொண்டார்கள். ட்ரூமன் கடுங்கோபம் கொண்டார். தாம் செய்தது தவறு என்று கிரஹாம் பிற்காலத்தில் அவரிடம் மன்னிப்புக் கேட்டார். ஆனால், அந்தப் பாடம் முழுமையாகப் படியவில்லை என்பதைப் பின்னால் நடந்தவை காட்டுகின்றன.

தாயை அறிந்தார், மகனை நம்பினார்

ரிச்சர்ட் நிக்சனைச் சந்திப்பதற்கு முன்பே அவருடைய தாயார் ஹன்னாவை கிரஹாம் சந்தித்திருந்தார். கலிபோர்னியாவின் விட்டியர் என்ற ஊரில், க்வேக்கர் எனப்படும் எளிமையான கிறிஸ்தவப் பிரிவைச் சார்ந்த பக்தியுள்ள பெண்மணி அவர். 1950களின் தொடக்கத்தில் வாஷிங்டனில் செனட் சபையின் உணவுக் கூடத்தில் மகன் அறிமுகமானார். அன்றைக்கே இருவரும் கோல்ஃப் விளையாடச் சென்றனர். நட்பு வளர்ந்தது. 1957இல் நியூயார்க் நகரில் கிரஹாம் பதினாறு வாரங்கள் தொடர்ந்து கூட்டங்கள் நடத்தியபோது, ஜூலை 20 அன்று யாங்கி ஸ்டேடியத்தில் கூடிய ஏறத்தாழ ஒரு லட்சம் மக்கள் முன்னே அன்றைய துணை அதிபர் நிக்சனும் மேடையேறினார். 1967இல் ஹன்னா மறைந்தபோது இறுதிச் சடங்கை நடத்தியவரும் கிரஹாமே.

நண்பரை அவர் கண்ட இடங்களை நீங்களே கவனியுங்கள். உணவு மேசை, விளையாட்டு மைதானம், பிரார்த்தனைக் கூட்டம், தாயின் மரணத்தில் உருகி நிற்கும் நேரம். இந்த இடங்களிலெல்லாம் நிக்சன் பணிவானவர், பண்பானவர், அறிவாளி. போதகர் கண்டது பொய்யன்று. ஆனால், அது முழுமையுமன்று.

1960ஆம் ஆண்டுத் தேர்தல்

அவ்வாண்டு அதிபர் பதவிக்கு நிக்சனும் ஜான் கென்னடியும் போட்டியிட்டனர். கென்னடி கத்தோலிக்கர். அதுவரை அமெரிக்காவில் ஒரு கத்தோலிக்கர் அதிபரானதில்லை. “இவர் வென்றால் நாட்டை ஆளப்போவது யார்? இவரா, ரோமில் இருக்கும் போப்பாண்டவரா?” என்ற ஐயத்தைப் புராட்டஸ்டண்ட் பிரிவினர் பலர் கிளப்பினார்கள். ஒருவர் தம் நாட்டுக்கு விசுவாசமானவரா என்பதை அவருடைய சமயத்தை வைத்து ஐயுறும் இந்த வழக்கம் எப்படி வலிக்கும் என்பதை, வாசகர்களே, நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

அவ்வாண்டு ஆகஸ்டில் சுவிட்சர்லாந்தின் மாண்ட்ரூ நகரில் புராட்டஸ்டண்ட் போதகர்கள் சிலர் கூடி இத்தேர்தலைப் பற்றி ஆலோசித்தனர். கிரஹாமும் அதில் இருந்தார். ஆக்கபூர்வ சிந்தனை பற்றிய நூலால் உலகப் புகழ்பெற்ற நார்மன் வின்சென்ட் பீல் என்பவரும் இருந்தார். செப்டம்பர் 7 அன்று பீல் முதலானோர் வாஷிங்டனில் கூடி, கத்தோலிக்கர் அதிபராவது பற்றித் தங்கள் அச்சத்தை அறிக்கையாகவே வெளியிட்டனர். அந்தக் கூட்டத்தில் கிரஹாம் இல்லை. கடும் கண்டனங்களையெல்லாம் தாங்கியவர் பீல்தான்.

இதற்குக் கென்னடி பதில் சொன்ன விதம் குறிப்பிடத்தக்கது. செப்டம்பர் 12 அன்று டெக்சாஸ் மாநிலம் ஹூஸ்டன் நகரில், தம்மை ஐயுற்ற போதகர்களின் சபைக்கே நேரில் சென்றார். தாம் கத்தோலிக்கர்களின் வேட்பாளர் அல்ல, தம் கட்சியின் வேட்பாளர் என்றார். இன்று சந்தேக விரல் கத்தோலிக்கரை நோக்கி நீள்கின்றது, நாளை அது யூதரையோ க்வேக்கரையோ பாப்டிஸ்டையோ நோக்கி நீளக்கூடும் என்று எச்சரித்தார். நிக்சன் க்வேக்கர் குடும்பத்தவர், கிரஹாம் பாப்டிஸ்ட் என்பதை நினைவிற் கொண்டால் இந்தச் சொற்களின் கூர்மை விளங்கும்.

அச்சுக்குப் போய்த் திரும்பிய கட்டுரை

அக்டோபர் மாதம். ‘டைம்’, ‘லைஃப்’ இதழ்களின் அதிபர் ஹென்றி லூஸைக் காண கிரஹாம் நியூயார்க் சென்றார். நண்பர் நிக்சனுக்கு எப்படி உதவலாம் என்பதே பேச்சு. நிக்சன் என்ற மனிதரை உமக்கு நன்கு தெரியுமே, அவரைப் பற்றி உமது சொந்த அனுபவங்களை எழுதித் தாரும் என்று லூஸ் யோசனை கூறினார். கிரஹாம் எழுதினார். ‘இவருக்கு வாக்களியுங்கள்’ என்ற வாசகம் ஒன்றுதான் இல்லை. மற்றபடி தாம் அறிந்த நிக்சனின் நற்குணங்களைப் போற்றிய கட்டுரை அது. லட்சக்கணக்கான வீடுகளுக்குச் செல்லும் ‘லைஃப்’ இதழில், தேர்தலுக்குச் சில வாரங்களே இருக்கும்போது வெளிவர இருந்தது.

இவ்விடத்தில் நம் சகோதரிகள் ஒருவரைக் கவனிக்க வேண்டும். அவர் கிரஹாமின் துணைவியார் ரூத். சீனாவில் பணியாற்றிய மருத்துவரின் மகளாய் அங்கேயே பிறந்து வளர்ந்தவர். இந்தக் கட்டுரை வெளிவருவதில் ரூத்துக்குச் சற்றும் உடன்பாடில்லை. போதகர் எல்லாருக்கும் பொதுவானவர், ஒரு கட்சியின் மேடையில் நின்றால் மறு கட்சிக்காரன் உங்கள் போதனையைக் கேட்க வருவானா என்பது அவருடைய கவலை. கணவர் மனத்திலும் குழப்பம் மூண்டது. இது இறைவனுக்கு உவப்பில்லையெனில் நின்றுபோகட்டும் என்று இருவரும் பிரார்த்தித்ததாக கிரஹாமே பின்னர் எழுதினார்.

கட்டுரை நின்றது! செய்தி கசிந்து கென்னடி தரப்பிலிருந்து ஆட்சேபம் வந்தது. நண்பர்கள் சிலரும் தொலைபேசியில் வேண்டாமென்று வற்புறுத்தினர். லூஸ் அதை நிறுத்தி வைத்தார். கிரஹாம் அதற்குப் பதிலாக, ஒவ்வொரு கிறிஸ்தவரும் ஏன் வாக்களிக்க வேண்டும் என்ற பொதுவான கட்டுரையைக் கொடுத்தார். நவம்பர் 8இல் நடந்த தேர்தலில் கென்னடி வென்றார். ஆறு கோடியே எண்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் பதிவான அத்தேர்தலில் வாக்கு வித்தியாசம் சுமார் ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரமே! அந்தக் கட்டுரை வெளிவந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை இறைவனே அறிவான்.

மேசைக்கடியில் ஓர் உதை

1964இல் அதிபர் லிண்டன் ஜான்சன், தம் கட்சியின் துணை அதிபர் வேட்பாளராக யாரை நிறுத்தலாம் என்று உணவு மேசையில் கிரஹாமிடம் கேட்டார். கிரஹாம் வாய் திறப்பதற்குள் மேசைக்கடியில் ரூத் அவர் காலில் உதைத்தார். ஏன் உதைத்தாய் என்று கிரஹாம் வெளிப்படையாகவே கேட்டுவிட்டார். ஆன்மிக அறிவுரை சொல்வதோடு நிறுத்திக்கொள்ள வேண்டியவர் நீங்கள் என்றார் ரூத். அதிபரும் அதை ஆமோதித்தார். பெண்கள் எழுந்து சென்றதும், “இப்போது சொல்லும், யாரைப் போடலாம்?” என்று அவரே மீண்டும் கேட்டாராம்! ஆட்சியாளர் அறிஞரிடம் ஒழுக்க உபதேசத்தைவிட வேறொன்றையே எதிர்பார்க்கின்றார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையா?

மனைவி உடன் இல்லாத இடங்களில் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1967ஆம் ஆண்டின் இறுதியில் ஃபுளோரிடாக் கடற்கரையில் நிக்சன், மீண்டும் போட்டியிடலாமா என்று கிரஹாமிடம் ஆலோசனை கேட்டார். போட்டியிடாமல் விட்டால் வாழ்நாள் முழுதும் அதை எண்ணிக் கொண்டிருப்பீர் என்ற கருத்துப்பட கிரஹாம் பதில் சொன்னார். தாம் களமிறங்கியதற்கு கிரஹாமின் சொல் பெருங்காரணம் என்று நிக்சன் கூறினார். 1968 ஆகஸ்டில் துணை அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் அறையிலும் போதகர் இருந்தார். பக்தியுள்ள செனட்டர் மார்க் ஹாட்ஃபீல்டை அவர் பரிந்துரைத்தார். நிக்சன் தேர்ந்தெடுத்ததோ ஸ்பைரோ அக்னியூவை. அந்த அக்னியூ 1973 அக்டோபரில் ஊழல் குற்றச்சாட்டால் பதவி துறக்க நேர்ந்தது.

நிக்சன் வென்றார். 1969 ஜனவரி 20 அன்று பதவியேற்பு விழாவில் பிரார்த்தனை செய்தவர் கிரஹாம். வெள்ளை மாளிகைக்குள் ஞாயிறு வழிபாடுகள் தொடங்கின. முதல் பிரசங்கமும் அவருடையதே. அந்த வழிபாடுகளுக்கு யாரை அழைப்பது என்பதில் அரசியல் கணக்குகள் இருந்ததை, நிக்சனின் உதவியாளராக இருந்து பின்னர் மனம் திருந்திய சார்லஸ் கோல்சன் வெளிப்படுத்தினார். போதகர் இறைவனை வழிபட அழைத்தார்; மாளிகையோ போதகரின் நற்பெயரைப் பயன்படுத்திக் கொண்டது.

சுவர்கள் சொன்ன சாட்சியம்

1971 முதல் தம் அலுவலக அறையில் பேசப்படும் அனைத்தையும் ஒலிநாடாவில் பதிவு செய்ய நிக்சன் ஏற்பாடு செய்திருந்தார். 1972இல் எதிர்க்கட்சியின் வாட்டர்கேட் அலுவலகத்துக்குள் ஆட்கள் புகுந்த விவகாரம் வெடித்தபோது, நிக்சனே அமைத்த இந்தக் கருவி அவருக்கு எதிர்ச் சாட்சியாயிற்று. 1974 ஏப்ரல் 30 அன்று ஆயிரத்து இருநூறு பக்கங்களுக்கும் மேலான உரையாடல்கள் வெளியிடப்பட்டன. சூழ்ச்சி, வஞ்சம், அச்சிடத் தகாதவை என்று நீக்கப்பட்ட வசைச் சொற்கள்! அவற்றைப் படித்தபோது கிரஹாம் உடல் நலங்கெடும் அளவுக்கு வேதனையுற்றார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பழகியும் தம் காதில் ஒருமுறைகூட விழாத மொழி அது. ஆகஸ்ட் 9இல் நிக்சன் பதவி விலகினார்.

அண்டை வீட்டுக்காரரா என்று உமர் (ரலி) அவர்கள் கேட்ட கேள்வியின் ஆழம் இங்கேதான் புலப்படுகின்றது. இரவும் பகலும் உடனிருந்தது அந்த ஒலிநாடா. போதகர் வரும்போது அதிபர் தம் பேச்சையும் முகத்தையும் மாற்றிக் கொண்டார். நல்லவர் ஒருவர் வீட்டுக்கு வரும்போது நாமும் குரலைத் தாழ்த்திக் கொள்கின்றோமல்லவா? அப்படிப்பட்டவர் அளிக்கும் நற்சான்றில் அவருடைய கண்ணியம் தெரியும். நாம் வீட்டில் இருக்கும் விதம் தெரியாது.

கதை இத்துடன் முடிந்திருந்தால், ஏமாந்த நல்லவர் என்று கிரஹாமைக் கருதி விட்டுவிடலாம். ஆனால், 1972 பிப்ரவரி 1 அன்று பதிவான ஓர் ஒலிநாடா 2002இல் வெளியிடப்பட்டது. யூத சமுதாயத்தார் செய்தித்துறையைப் பிடித்து வைத்திருப்பதாக நிக்சன் பழித்துப் பேசுகின்றார். மறுக்க வேண்டிய போதகர், ஆமோதிப்பதோடு தாமும் சேர்ந்து பழிக்கின்றார்! 1994இல் இதுபற்றிய குறிப்பு ஓர் அதிகாரியின் நாட்குறிப்பில் வெளிவந்தபோது அவர் மறுத்திருந்தார். தம் குரலே சாட்சி சொன்னபோது, 83 வயது முதியவராய், வெட்கத்துடன் மன்னிப்புக் கேட்டார்.

ஒரு சமுதாயம் முழுவதையும் ஒரே சொல்லால் பழிப்பது எத்தகைய அநீதி என்பதை அனுபவத்தில் அறிந்தவர்கள் நாம். எந்தச் சமுதாயத்தைக் குறித்தாயினும் அது அநீதியே. நம் திண்ணைப் பேச்சிலும் அதற்கு இடம் தரலாகாது. மேலும் பாருங்கள். அதிபரைத் திருத்தச் சென்றவர், அதிபரின் மொழியைத் தாமும் பேசிவிட்டுத் திரும்பினார்! அதிகாரத்தின் அருகாமை செய்யும் வேலை இதுதான்.

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கலீஃபா மன்சூர் அளித்த காஜிப் பதவியை ஏற்க மறுத்துச் சிறை புகுந்ததும், ஹிஜ்ரி 150இல் பக்தாதில் மறைந்ததும் இவ்விடத்தில் நினைவுக்கு வராமல் இராது. அந்தப் பெருமக்கள் அரண்மனை வாசலை ஏன் அஞ்சினார்கள் என்பது நமக்கு இப்போது விளங்குகின்றது.

முதுமையில் வந்த தெளிவு

வாட்டர்கேட்டுக்குப் பின் கிரஹாம் வெகுவாக ஒதுங்கினார். 1979இல் ஜெர்ரி ஃபால்வெல் என்ற போதகர் சமயத்தையும் வலதுசாரி அரசியலையும் இணைத்து ‘மாரல் மெஜாரிட்டி’ என்ற இயக்கத்தைத் தொடங்கியபோது அதில் சேரவில்லை. சமயத்தைக் கருவியாக்கிக் கொள்பவர்களுக்குச் சமயத்தின்மீது அக்கறை கிடையாது என்று 1981இல் எச்சரித்தார். 2011இல், கடந்த காலத்தைத் திருத்த முடியுமானால் எதைத் திருத்துவீர் என்ற பொருளில் கேட்கப்பட்டபோது, அரசியலிலிருந்து விலகி இருந்திருப்பேன், சில சமயம் எல்லையைத் தாண்டிவிட்டேன் என்று ஒப்புக்கொண்டார்.

அப்படியும், அடுத்த ஆண்டே, 2012 அக்டோபரில், அதிபர் வேட்பாளர் மிட் ராம்னி அவருடைய மலைவீட்டுக்கு வந்து சந்தித்தார். அடுத்த சில நாட்களில், ராம்னி சார்ந்திருந்த மார்மன் சமயத்தைத் தவறான கொள்கை வரிசையில் சேர்த்திருந்த குறிப்பு கிரஹாமின் அமைப்பினரால் நீக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 93. அறிந்தபின்னும் விலகியிருப்பது எளிதன்று!

ஒன்றை நேர்மையுடன் சொல்ல வேண்டும். வீழ்ந்த நண்பரை கிரஹாம் கைவிடவில்லை. 1994 ஏப்ரல் 27இல் நிக்சனின் அடக்கச் சடங்கை நடத்தியவரும் அவரே. பதவியில் இருந்தவரைப் புகழ்ந்தது தவறாக இருக்கலாம். பதவியிழந்தவரின் பெட்டியருகே நின்றது தவறன்று.

வாசகப் பெருமக்களே! தேர்தல்கள் வரும், போகும். நம் பெரியவர்களும் ஆலிம்களும் வேட்பாளர்களைச் சந்திக்கலாம், துஆச் செய்யலாம், நம் தேவைகளை எடுத்துரைக்கலாம். ஆனால், “இவரை எனக்குத் தெரியும்” என்று எவரேனும் சொல்லும்போது, எங்கே கண்டீர்கள், எவ்வளவு கண்டீர்கள் என்று மரியாதையுடன் கேட்க நாம் கூச வேண்டியதில்லை. மாப்பிள்ளை விசாரிக்கும்போதும் அப்படியே. தொழுகையைப் பற்றிக் கேளுங்கள். அத்துடன் அண்டை வீட்டாரையும், அவரிடம் வேலை பார்த்தவரையும், அவருக்குக் கடன் கொடுத்தவரையும் கேளுங்கள். நம்மிடம் ஒருவரைப் பற்றிக் கேட்கப்பட்டால், கண்டதை மட்டும் சொல்வோம். காணாததற்குச் சாட்சியாகாமல் இருப்போம்.

நாவையும் சாட்சியத்தையும் பேணி நடக்கும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.